வலிப்பும் வாய்மையும்

நோயாளியிடத்துப் பொய் கூறலாமோ என்னும் வினா வைத்தியம் தோன்றிய நாள் தொட்டு உள்ளதேயாம். இறக்குந் தறுவாயில் இருப்பாரிடம் உண்மையை மறைத்தல் தகுமோ தகாதோ என அறிஞர் பலர் பலவாறு வாதித்துள்ளனர். யாம் ஈண்டு எடுத்துக்கொண்டது அத்துணைப் பெரிய பொய்யன்று. ஓர் ஊசியின் அளவினதாகிய பொய். ஆயினும் அதன் விளைவு சிறிதன்று என்பது எமது துணிபு. அத்துணிபு எமக்கு நூல்களால் மட்டும் வந்ததன்று.

சில ஆண்டுகளுக்கு முன் எமது கல்லூரி மகளிர் விடுதியில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. காவிரிக் கடைமடையிலுள்ள சிற்றூரொன்றினின்றும் வந்து பயின்ற மாணவி ஒருத்தி, பருவத் தேர்வுக்கு முந்தின வாரம், இரவு படிக்கும் வேளையில் விசிப்பலகையினின்றும் கீழே சரிந்தாள். கண்கள் இறுக மூடியிருந்தன. கைகால்கள் ஒன்றோடொன்று ஒவ்வாதபடி உதறின. தலை இருபுறமும் மாறி மாறி அசைந்தது. சற்றே தணிவது போலத் தணிந்து மீண்டும் எழுந்து, இவ்வாறு கால் மணி நேரம் நீடித்தது. சூழ நின்ற பெண்களுள் ஒருத்தி சாவிக்கொத்தொன்றைக் கொணர்ந்து அவள் கையில் திணித்தாள். மற்றொருத்தி வெங்காயத்தை நசுக்கி மூக்கிற் பிடித்தாள். இன்னொருத்தி கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்தாள்.

உடனே அவளை ஒரு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். அங்கு மூளையைப் படமெடுத்துப் பார்த்துக் குற்றமொன்றுமில்லை என்றனர். அவ்வேளையிலேயே வலிப்பு மீண்டும் வந்தது. பணியிலிருந்த இளம் மருத்துவர் எம்மை நோக்கிக் கண் சிமிட்டி, அவள் செவியிற் படும்படி, "இது மிகவும் வலிய மருந்து, ஏற்றியவுடன் நின்றுவிடும்" என்று உரக்கக் கூறி ஊசி போட்டார். இரண்டொரு நிமிஷத்தில் உதறல் நின்றது. அவர் எம் பக்கம் திரும்பி, "வெறும் தண்ணீர் ஐயா, பிள்ளை நடிக்கிறது" என்று சிரித்தார். யாமும் சிரித்தோம். இதனை எழுதுதற்கு வெட்குகின்றோம். எழுதாது விடுதல் அதனினும் வெட்கம். படுக்கையில் கண் மூடிக் கிடந்த அவள் அச்சிரிப்பைக் கேட்டாள் என்பது பின்னர்த் தெரிந்தது. மறுநாள் வந்த அவள் தந்தை ஒரே ஒரு வார்த்தை கூறினார்: "எம்பொண்ணு பொய் சொல்ற புள்ளை இல்லீங்க ஐயா." அடுத்த மாதம் அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு ஊர் சென்றாள்.

நிற்க. அம்மாணவிக்கு வந்தது யாது?

வலிப்பு என்னும் ஒரு சொல்லால் நாம் பல வேறு நோய்களைக் குறிக்கின்றோம். ஊர் வழக்கில் காக்காய் வலிப்பு எனப்படுவது, மூளையின் நரம்பணுக்கள் அளவிறந்த மின்னோட்டத்தை ஒருங்கே எழுப்புவதால் உண்டாவது. ஜெர்மானியராகிய ஹன்ஸ் பெர்கர் 1924-ஆம் ஆண்டில் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து, 1929-இல் வெளியிட்ட பின்னர்தான் அம்மின்புயலைக் கண்ணாற் காணுதல் இயல்வதாயிற்று. இஃதன்றி இன்னொரு வகை வலிப்பும் உண்டு. புறத்தே காண்பார்க்கு முன்னதைப் போன்றே தோன்றும். மின்னலைப் பதிவிலோ அப்புயல் இராது. மூளையின் உறுப்புக் கெடாமல் அதன் செயல் மட்டும் தடம் மாறுவதால் வருவது ஆதலின், இதனை இக்காலத்து நரம்பியலார் செயற்பாட்டு வலிப்பு என வழங்குகின்றனர். வலிப்பு நோய்க்கெனவே அமைந்த பெரிய நிலையங்களுக்கு அனுப்பப்படுவோரில் நூற்றுக்கு இருபது முதல் முப்பது பேர்க்கு இருப்பது இதுவே என்பர். அவருள் பெரும்பாலார் பெண்கள்.

நம் நாட்டார்க்கு இதனை ஓர் உவமையால் விளக்கலாம். கல்லணைக்குக் கீழே பிரியும் வாய்க்காலொன்றின் கரை உடைந்தால் வயல் மூழ்கும். கரை செவ்வனே இருக்க, மதகின் பலகை மட்டும் வேளையல்லா வேளையில் தானே ஏறி இறங்கினாலும் வயல் மூழ்கத்தான் செய்யும். கரை நெடுக நடந்து பார்த்து, உடைப்பொன்றுமில்லை என்று எழுதிச் செல்லும் அதிகாரி பொய் எழுதினாரல்லர். ஆயின் இடுப்பளவு நீரில் நிற்கும் உழவனைப் பார்த்து, "நீ நடிக்கிறாய்" என்று அவர் கூறுவாராயின் அவரை என்னென்று சொல்வது? மூளைப்படத்திற் குற்றமில்லை என்பது கரையைப் பற்றிய செய்தி. மதகைப் பற்றி அது யாதொன்றும் கூறுவதில்லை.

வேண்டுமென்றே நடிப்பவரும் உலகில் இலரோ என்று கேட்கலாம். உளர், மிகச் சிலர். செயற்பாட்டு வலிப்பு உடையாரோ தாம் விரும்பி அதனை வரவழைப்பாரல்லர். விரும்பினும் நிறுத்த மாட்டார். துயரம், அச்சம், பழைய வன்கொடுமை, உறக்கக் கேடு, சில வேளை பிறிதொரு நோய் ஆகியன இதற்கு வழி திறப்பன. எவ்விதத் துன்பமும் நினைவில் இல்லாதார்க்கும் இது வருவதுண்டு. எனவே, "வீட்டில் என்ன சண்டை?" என்று எடுத்த எடுப்பிலே வினவும் வழக்கமும் அத்துணை நன்றன்று.

இவ்விரண்டையும் பிரித்தறிதல் எளிதோ எனின், எளிதன்று. மூடிய கண், விட்டுவிட்டு எழும் அசைவு, இருபுறம் ஆடுந் தலை, நெடுநேரம் நீடித்தல் ஆகியன ஒரு பக்கத்தைக் காட்டும். திறந்த கண், நாவின் ஓரம் கடிபடுதல், ஓரிரு நிமிஷத்தில் முடிதல் ஆகியன மறு பக்கத்தைக் காட்டும். எனினும் ஓர் அடையாளத்தை மட்டும் பற்றிக்கொண்டு தீர்ப்புச் சொல்லுதல் கூடாது. மூளையின் முன்மடலில் எழும் உண்மையான வலிப்புக்கள் சில, பார்ப்பார் கண்ணுக்கு முழு நடிப்பாகவே தோன்றும். அன்றியும், செயற்பாட்டு வலிப்பு உடையாருள் ஏறக்குறைய ஐவரில் ஒருவர்க்குக் காக்காய் வலிப்பும் உடனிருக்கும். ஆதலின் நோயாளி வலிப்புறும் வேளையிலேயே உருவத்தையும் மின்னலையையும் ஒருங்கே பதிவு செய்து, தேர்ந்த நரம்பியலார் பார்த்துச் சொல்வதே முடிந்த முடிபாகும். இதனைப் படிக்கும் மாணவர், அடுத்த அறைத் தோழர்க்கு வந்தது எவ்வகை என்று தாமே தீர்ப்பளிக்கப் புகாதிருப்பாராக.

இத்துணைச் சிக்கல் உள்ளமையால் காலம் வீணே கழிகின்றது. ஜெர்மனியில் ஆய்ந்து 2002-ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு கணக்கின்படி, முதல் வலிப்பு வந்த நாளுக்கும் அதன் உண்மைப் பெயர் தெரிந்த நாளுக்கும் இடையே சராசரி ஏழாண்டுக்கு மேல் ஆகின்றது. மருத்துவர் மலிந்த ஜெர்மனியிலேயே இந்நிலையாயின், திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரணியத்துக்கும் இடையே உள்ள ஓர் ஊரினின்றும் தஞ்சைக்கும் வேலூருக்கும் பேருந்து ஏறவேண்டிய குடும்பத்தின் நிலையை நினைத்துப் பார்க்க. அவ்வாண்டுகளெல்லாம் அவள் வேண்டாத மாத்திரைகளை விழுங்குகின்றாள். அவற்றுள் ஒன்றாகிய வால்ப்ரோயேட்டைக் கருவுற்ற பெண் உண்பாளாயின், பிறக்குங் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று உறுப்புக் குறையோடு பிறக்கின்றது. இல்லாத நோய்க்காக இத்துணை இடரை ஓர் இளம் பெண் சுமப்பதாயின், அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டுவோர் யார்?

நம் கிறிஸ்தவ வாசகர்க்கு மாற்கு சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரம் தெரிந்ததே. வலிப்பினால் தரையில் விழுந்து புரளும் ஒரு சிறுவனைத் தந்தை கொண்டு வருகின்றான். சீஷரால் ஒன்றும் இயலவில்லை. வேதபாரகர் சூழ நின்று தர்க்கஞ் செய்கின்றனர். ஜனங்கள் வேடிக்கை பார்க்க ஓடி வருகின்றனர். இயேசுவானவர் அவ்வேளையில் தந்தையை நோக்கி, இது எத்தனை காலமாக உள்ளது என்று கேட்கின்றார். அவன் சொல்வதைக் கேட்டும் நிற்கின்றார். அற்புதத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டுள்ளோம். அக்கேள்வியைப் பற்றி ஒன்றுங் கேட்டதாக எமக்கு நினைவில்லை. எம் மாணவியின் தந்தையிடம் அன்று அக்கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை, யாமும் கேட்கவில்லை.

ஓடி வரும் ஜனங்களைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். சென்ற நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து சால்பேத்ரியேர் மருத்துவமனையில் ஷார்க்கோ என்னும் பேரறிஞர் இருந்தார். நரம்பியலின் தந்தையர் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர். இந்நோய் உடைய பெண்களை நடிகையர் என்று ஒதுக்காமல் நோயாளர் என்று கண்டு ஆய்ந்தது அவர் பெருமை. ஆயினும் அவரே அவர்களை அரங்கில் நிறுத்தி, மாணவரும் நகரப் பிரமுகரும் காண வலிப்பை வரவழைத்துக் காட்டினார். 1876-ஆம் ஆண்டு முதல் அப்பெண்களின் புகைப்படங்கள் புத்தகமாகவும் அச்சிடப்பட்டன. அவ்வாறு அச்சிட அவர்கள் உடன்பட்டனரோ என்று யார் கேட்டார்? அரங்கமும் புத்தகமும் போயின. இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் அவ்வரங்கம் இருக்கின்றது. எமது விடுதியில் எடுத்த படம் மறுநாட் காலைக்குள் மூன்று துறைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் உலவிற்று. அப்படம் பயனற்றது என்று யாம் சொல்லவில்லை. தேர்ந்த நரம்பியலார் ஒருவர் கையில் அது சேர்ந்திருந்தால், வலிப்பின் வகையை அறிதற்குப் பெருந்துணை ஆகியிருக்கும். மருத்துவர்களே இந்நாளில் இத்தகைய படத்தைக் கேட்டு வாங்குகின்றனர். அது சென்று சேரவேண்டிய ஒருவரைத் தவிர மற்றெல்லாரையும் சென்று சேர்ந்தது.

இனி அந்த ஊசிக்கு வருவோம். அதனை ஆதரிப்பார் கூறும் நியாயம் முற்றிலும் புறக்கணிக்கத் தக்கதன்று. "உருவமும் மின்னலையும் சேர்த்துப் பதியும் கருவி எல்லா ஊரிலும் உண்டோ? வலிப்பு வரும்வரை நாட்கணக்கிற் படுத்துக் காத்திருக்க நாற்று நடும் கூலிக்காரியால் இயலுமோ? ஒரு தண்ணீர் ஊசியால் அரை மணியில் விடை கிடைக்குமாயின் ஆயிரக்கணக்கான ரூபாய் மிச்சமன்றோ?" என்பர். இவ்வாறு கேட்பவர் கொடியவரல்லர். நாளொன்றுக்கு நூறு நோயாளரைப் பார்த்துக் களைத்தவர்.

எமது விடை இது. வலிப்பை வரவழைத்துப் பார்க்கவேண்டிய தேவை இருக்கலாம். அதற்குப் பொய் தேவையில்லை. கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் 2002-ஆம் ஆண்டில் 30 பேரைக் கொண்டு இதனைச் சோதித்தனர். வேகமாக மூச்சு வாங்குமாறும் விட்டுவிட்டு ஒளிரும் விளக்கைப் பார்க்குமாறும் செய்து, இதனால் உங்கள் வலிப்பு வரக்கூடும் என்று வெளிப்படையாகச் சொன்ன 15 பேரில் 10 பேர்க்கு வலிப்பு வந்து பதிவாயிற்று. அவ்வாறு சொல்லாத 15 பேரில் 5 பேர்க்கே வந்தது. ஊசியுமில்லை, மருந்தென்று சொன்ன தண்ணீருமில்லை. உண்மையே அவ்வேலையைச் செய்தது.

மற்றும், தண்ணீரால் நின்றது ஆதலின் நடிப்பு என்பது தருக்கமும் ஆகாது. காக்காய் வலிப்பும் பெரும்பாலும் ஓரிரு நிமிஷத்தில் தானே நிற்பது. அதனாலன்றோ சாவிக்கொத்துக்கு நம் தாய்மாரிடை இத்துணைப் புகழ் வந்தது! சாவியைக் கொடுத்தவர் அறியாமல் செய்தனர். அறிந்தவர் கையில் தண்ணீர் ஊசியும் ஒரு சாவிக்கொத்தே.

எல்லாவற்றினும் பெரிய கேடு பின்னர் வருவது. இந்நோய்க்கு முதல் மருந்து, நோயின் பெயரையும் தன்மையையும் மருத்துவர் நோயாளிக்கு அமைதியாக விளக்குவது. "உமக்கு வருவது உண்மையான வலிப்பே. நீர் நடிக்கவில்லை என்பதை அறிவேன். இதன் பெயர் இது, இதற்கு வழி உண்டு" என்று கூறிய அளவிலேயே வலிப்புக் குறைந்தாரும் நின்றாரும் உளர். அவ்விளக்கத்தை அவள் நம்புதல் வேண்டும். நேற்று அவளை ஏமாற்றிச் சிரித்த வாயினின்றும் இன்று வரும் விளக்கத்தை அவள் எங்ஙனம் நம்புவாள்?

ஏமாற்றாத மருந்தும் தவறான இடத்திற் சென்றால் தீங்கே. நெடுநேரம் நிற்காத வலிப்புக்கு உயிர்காக்கும் மயக்க மருந்துகளை ஊசிவழி ஏற்றுவர். அமெரிக்காவில் நடந்து 2019-இல் வெளிவந்த பெரிய ஆராய்ச்சி ஒன்றில், அத்தகைய அவசர நிலை எனச் சேர்க்கப்பட்டாருள் ஏறத்தாழ பத்தில் ஒருவர்க்கு இருந்தது செயற்பாட்டு வலிப்பே எனப் பின்னர்த் தெரிந்தது. அம்மருந்தால் மூச்சு அடங்கிச் செயற்கைச் சுவாசக் கருவியில் ஏறினாரும் உண்டு. "உயிருக்கு ஒன்றுமில்லாத நோய்தானே" என்று அசட்டை செய்வார்க்கு இன்னொன்று: இந்நோயுடையார் இறக்கும் விகிதம் பொதுமக்களினும் இரண்டரை மடங்கு என ஆஸ்திரேலியாவில் 2020-இல் வெளியான கணக்குக் காட்டுகின்றது.

மருத்துவமனையில் நகைக்கப்பட்டவர் எங்கே செல்வர்? நம் பகுதியில் இதற்கு விடை எல்லாரும் அறிந்ததே. திருவிடைமருதூருக்குச் செல்வர், நாகூருக்குச் செல்வர், வேளாங்கண்ணிக்கும் செல்வர். மேற்கே காவிரியின் வடகரையிலுள்ள குணசீலத்தில் 48 நாள் தங்கித் தீர்த்தம் தெளிக்கப் பெறுவர். மதம் பற்றி யாரும் இதிற் பார்ப்பதில்லை. எம்மைப் போன்ற மிஷன் கல்லூரியார் இவற்றை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லிற் கடந்துவிடுவது வழக்கம். அவ்வாறு கடத்தல் இனி எமக்கு இயலாது. அவ்விடங்களில் அவளை ஒருவரும் நடிக்கிறாள் என்பதில்லை. ஒரு மண்டலம் முழுதும் அவளுக்கென்று ஒதுக்கப்படுகின்றது. தாயும் உடன்பிறந்தாரும் அருகிலேயே தங்குகின்றனர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையத்தாரும் நோயாளியோடு குடும்பத்தாரைத் தங்கச் செய்யும் முறையை நெடுங்காலமாகக் கைக்கொண்டுள்ளனர் என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

ஆயினும் வேப்பிலையடி வேறு, சவுக்கடி வேறு, சங்கிலி முற்றிலும் வேறு. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆந் தேதி இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை அண்டி நடந்த மனநோயாளர் காப்பகமொன்றில் தீப் பற்றியபோது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தார் ஓட வழியின்றி 28 பேர் மாண்டனர். அவர்கள் பெரும்பாலும் வேறு மனநோயுடையார்தாம். எனினும் எந்த வலிப்பை எந்த ஊரார் எதுவென்று பெயரிட்டு எங்குக் கட்டி வைப்பர் என்பது யாருக்குத் தெரியும்? உச்ச நீதிமன்றம் அவ்வழக்கைத் தானே எடுத்து விசாரித்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் எவ்விதத்தும் சங்கிலியிடல் ஆகாது என விலக்கியுள்ளது. சங்கிலி போயினும், கேலியும் ஒரு சங்கிலியன்றோ என்று யாம் அலங்காரமாக எழுதப் போவதில்லை. இரும்புச் சங்கிலி வேறுதான். ஆனால் மருத்துவமனையின் கேலி அவளை அச்சங்கிலி இருந்த திசைக்கு அனுப்பிற்று என்பதை மறுத்தல் இயலாது.

உண்மையை யாரிடம் சொல்வது என்பதும் ஓர் அறச்சிக்கலே. நோயாளி மணமான பெண்ணாயின் மருத்துவர் அவளை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே கணவனிடமோ மாமியாரிடமோ பேசுவது நம்மிடை இயல்பாக நடப்பது. அவளுக்கு வந்த நோயின் பெயரை ஊரெல்லாம் அறிந்த பின் அவள் அறிவாள். காக்காய் வலிப்பை மணத்துக்குத் தடையாக வைத்திருந்த விதி 1999-ஆம் ஆண்டிலே இந்து திருமணச் சட்டத்தினின்றும் நீக்கப்பட்டது. பெண் பார்க்கும் திண்ணையினின்றும் நீக்கப்படவில்லை. எனவே பொய்ப்பெயர் ஒன்று அவள் தலைமேல் ஏறினால் இறக்குதல் அரிது. "நடிப்பு" என்ற பெயர் ஏறினாலோ, அதனை இறக்க எந்தச் சட்டமும் வாராது. நோய் யாருடையதோ அவளுக்கே முதலிற் சொல்லுக. அவள் இசைந்தால், அவள் உடனிருக்க, பிறர்க்குச் சொல்லுக. இதனினும் கடினமான விதி எமக்குத் தோன்றவில்லை.

சிகிச்சையைப் பற்றி மிகைபடக் கூறுதலும் ஒரு பொய்யே ஆதலால் உள்ளதை உள்ளபடி உரைப்போம். பேச்சின் வழி நினைவையும் பழக்கத்தையும் திருத்தும் மனச்சிகிச்சை இதற்குத் தரப்படுகின்றது. 368 பேரைக் கொண்டு பிரிட்டனில் நடந்து 2020-இல் வெளிவந்த பெரிய சோதனையில், ஓராண்டின் முடிவில் மாதந்தோறும் வரும் வலிப்பின் எண்ணிக்கை, இச்சிகிச்சை பெறாதாரினும் ஐயமறக் குறைந்ததாகக் காணப்படவில்லை. ஆயின் வலிப்பின்றிக் கழியும் நாட்கள் நீண்டன. அதனாற் படும் தொல்லை குறைந்தது. வாழ்வு சற்றே இனிதாயிற்று. காக்காய் வலிப்பு உடனில்லை என்று உறுதியானால் வேண்டாத மாத்திரைகளை மருத்துவர் மேற்பார்வையிற் படிப்படியாக நிறுத்தலாம். தாமே ஒரே நாளில் நிறுத்துதல் ஆபத்து. ஆற்றில் தனித்து நீராடாமை, அடுப்பங்கரையில் காவல், வண்டி ஓட்டாமை ஆகியனவும் சில காலம் வேண்டும்.

எம் மாணவி அடுத்த ஆனியில், மேட்டூர் நீர் கடைமடைக்கு வந்து சேர்ந்த வாரத்தில், தந்தையோடு திரும்பி வந்தாள். இடையில் வேறொரு நகரத்தில் ஒரு நரம்பியல் அம்மையார் அவளை ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேசினார் என்றும், நோயின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்தார் என்றும் கூறினாள். அத்தாளை நான்காக மடித்துப் புத்தகத்தினுள் வைத்திருந்தாள். யாம் அன்று மருத்துவமனையில் சிரித்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். "தெரியும் ஐயா" என்றாள், வேறொன்றுஞ் சொல்லவில்லை.

அவளுக்கு வலிப்பு முற்றிலும் நின்றுவிடவில்லை. படித்து முடிப்பதற்குள் விடுதியில் நான்கைந்து முறை வந்தது. அறைத்தோழியர் நாற்காலியை ஒதுக்கினர், தலைக்கு அடியில் துப்பட்டாவை மடித்து வைத்தனர், ஒருக்களித்துப் படுக்கச் செய்தனர், அழுத்திப் பிடிக்கவில்லை, வாயில் ஒன்றும் இடவில்லை, மற்றவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினர். ஒருத்தி கடிகாரத்தைப் பார்த்தாள். ஒருத்தி பக்கத்தில் அமர்ந்து, இங்கேதான் இருக்கிறோம் என்று தாழ்ந்த குரலிற் சொல்லிக்கொண்டிருந்தாள். கைப்பேசிகள் மேசையின்மேல் கிடந்தன.